பெயர் நீக்கி அனுப்பிய கட்டுரை

பெயரை எடுத்துவிட்டுக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிய செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு அவளுடைய பெயர் எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டது. கட்டுரையிலிருந்து மட்டும்தான் போயிருக்க வேண்டும். சர்வதேச உறவுகள் துறையில் எழுதுகிற எல்லோரும் அப்படித்தான் அனுப்புவார்கள். எழுதியது யாரென்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது, மதிப்பிடுவது யாரென்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது, அப்போதுதான் நியாயம் நடக்கும் என்று ஓர் ஏற்பாடு. முதல் பக்கத்தில் பெயரை அழிக்க வேண்டும், நன்றியுரையைத் தூக்க வேண்டும், ‘எனது முந்தைய ஆய்வில்’ என்று வருகிற இடத்தில் ‘ஓர் ஆய்வில்’ என்று மாற்ற வேண்டும், கோப்புக்குள் ஒளிந்திருக்கும் விவரங்களையும் தேடித் துடைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதை ஒப்புக்குச் செய்வார்கள். அவளுக்கு எதையும் ஒப்புக்குச் செய்து பழக்கமில்லை, ஒன்று விடாமல் துடைத்தாள். வருகைப் பதிவேட்டிலும் பட்டச் சான்றிதழிலும் துறை வாசல் பலகையிலும் அவள் பெயர் இருந்த இடம் வெள்ளையானது. சக ஆசிரியர்கள் அவளைக் கூப்பிட வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றார்கள். வீட்டில் விஷயம் தெரிய நான்கு நாள் ஆயிற்று, ஏனென்றால் அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அடியே, இவளே, கோபம் வந்தால் மகாராணி, அவ்வளவுதான்.

அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்த மாதம்தான் சேர்ந்த ஒப்பந்த விரிவுரையாளர். பட்டியலில் உள்ள ஆய்விதழ் ஒன்றில் ஐந்து வருடத்துக்குள் கட்டுரை வர வேண்டும், வராவிட்டால் ஆறாம் வருடம் வரவேண்டாம் என்பது அவளுடைய ஒப்பந்தத்தின் ஏழாவது வரி. அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். அப்பா சரக்கு லாரியில் மூட்டை ஏற்றி இறக்கி முதுகு போய்ச் செத்தவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான், ஆகவே வேலை போனால் திரும்பிப்போய் உட்கார வேறு நாற்காலி எதுவும் இல்லை. கட்டுரை மீன்பிடி எல்லைகளைப் பற்றியது. பெரிய நாடுகளும் சின்ன நாடுகளும் நடத்திய நாற்பத்தொரு பேச்சுவார்த்தைகளின் குறிப்புகளை அவள் ஆறு வருடம் உட்கார்ந்து படித்திருந்தாள். முப்பத்துமூன்றில், சின்ன நாட்டுத் தூதுக்குழு ஊர் திரும்பும் விமான டிக்கெட் காலாவதியாவதற்கு முந்தின நாள்தான் கையெழுத்துப் போட்டிருந்தது. பெரிய நாடு மிரட்டவில்லை, கப்பலை அனுப்பவில்லை. ஒவ்வொரு நாளும் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று மற்றவர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போயிருந்ததை அவள் தேதிவாரியாக அட்டவணை போட்டுக் காட்டியிருந்தாள்.

புதன்கிழமை காலை பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனபோது பேனா ஒரு கோடு இழுத்து நின்றுவிட்டது. என்ன எழுத வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை, தலைக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் பதிவேடு பார்க்கும் எழுத்தரம்மா இருபத்தாறு வருடமாக அதே மேசையில் இருப்பவர். எல்லா வரியின் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதால் அவருக்கு ஸ்கேலம்மா என்று பெயர். அவர் வெள்ளையான இடத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து வைத்தார்.

“பேர் இல்லைன்னா கைநாட்டுதான் மேடம். ரூல்ல இடம் இருக்கு.”

“நான் டாக்டரேட் வாங்குனவ.”

“அதுக்கும் ரூல்ல தடை இல்ல, மேடம்.”

அன்று வைத்த ரேகை ஒரே மைத் திட்டாக இருந்ததென்று சனிக்கிழமை பதிவேடு திரும்பி வந்தது. சாயங்காலம் அம்மா அவள் கட்டைவிரலைப் பிடித்துப் பழைய காகிதத்தில் வைத்துக் காட்டினாள். “அழுத்தாதடி, அழுத்துனா அப்பிக்கும். இந்த ஓரத்துல வச்சு அந்த ஓரத்துக்கு உருட்டு. முப்பது வருசமா வைக்கிறேன், எனக்குத் தெரியாதா?” இதற்கா என்னைப் படிக்க வைத்தாய் என்று மகள் கத்தினாள். “நானாடி பேரை அழிக்கச் சொன்னேன்? படிச்சவங்க சொன்னாங்க, படிச்சவ அழிச்ச,” என்றாள் அம்மா. மகள் உருட்டப் பழகிக்கொண்டாள். அடுத்த நான்கு வருடம் ஏழு மாதம், ஒரு நாள் விடாமல், முனைவர் பட்டம் வாங்கிய அவள் கைநாட்டு வைத்து வேலை பார்த்தாள். மாணவர்கள் முதல் மாதம் சிரித்தார்கள், இரண்டாம் மாதத்திலிருந்து தேர்வு பற்றித்தான் கேட்டார்கள்.

கட்டுரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. முதல் மதிப்பீட்டாளர் எட்டாம் மாதம், நன்றாக இருக்கிறது, இரண்டு காற்புள்ளிகளைச் சரிபார்க்கவும் என்று எழுதினார். இரண்டாமவர் பதினான்காம் மாதம் ஒன்பது பக்கத்துக்கு எழுதினார். கட்டுரை ஆசிரியர் முக்கியமான ஒன்பது ஆய்வுகளைப் படிக்கவில்லை என்பது அதன் சாரம். ஒன்பதும் ஒரே ஆள் எழுதியவை. அந்த ஆள் யாராயிருக்கும் என்று கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. மூன்றாமவர் இருபத்திரண்டு மாதம் பேசவே இல்லை. பிறகு, சின்ன நாடுகள் ஏன் டிக்கெட்டை நீட்டிக்கொள்ளவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் ஒன்பதையும் படித்தாள், ஒன்பதையும் மேற்கோளில் சேர்த்தாள், டிக்கெட் கேள்விக்குப் பணிவாக நான்கு பக்கம் பதில் எழுதினாள். கண்ணுக்குக் கீழே கருத்தது. தலைமுடி வகிடு அகலமானது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி மெயில் அனுப்பினால் போதும், பெயர் வந்துவிடும். வரலாற்றுத் துறையில் ஒருவருக்கு இதேபோல் முன்பு நடந்து, அவர் ஆறாம் மாதமே அந்த மெயிலை அனுப்பினார். மாலைக்குள் பெயர் வந்தது, வருடக் கடைசியில் வேலை போனது. அவள் அந்த மெயிலை எழுதி வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பாள், மூடிவிடுவாள்.

ஐந்தாம் வருடம் பிறந்து ஏழாவது மாதம் கட்டுரை ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்ட கட்டுரையில் ஆசிரியர் பெயரைத் திரும்பச் சேர்ப்பது வழக்கம். யார் எதை எழுதினார்கள் என்ற பட்டியலை வைத்திருந்த ஆய்விதழ் உதவியாளர் இரண்டு வருடம் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார், பட்டியலும் அவரோடு போயிருந்தது. பெயர் எங்களிடம் இல்லை, உங்களிடம் இருந்தால் அனுப்பவும் என்று ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. செய்தி கேள்விப்பட்ட துறைத்தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது.

“பேரில்லாத கட்டுரையை எவன்மா போடுவான்? முன்னாடி என் பேரைக் கொடு. உன் பேர் கிடைச்சதும் பின்னாடி சேர்த்துக்கலாம்.”

“கிடைக்கலைன்னா சார்?”

“கட்டுரை வெளிவந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன?”

“அதுல மொத்தம் எத்தனை பேச்சுவார்த்தைன்னு மட்டும் சொல்லுங்க சார், இப்பவே கொடுத்துடறேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு மீட்டிங் இருக்கிறது, யோசித்துச் சொல், ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம்தான் இருக்கிறது என்றார். அவள் யோசிக்கவில்லை. பெயர் இல்லை, அந்த இடத்தை அப்படியே விடவும் என்று ஆய்விதழுக்கு எழுதினாள். அவர்கள் விட்டார்கள். தலைப்புக்குக் கீழே ஒரு வெள்ளைத் துண்டு, அதற்குக் கீழே நாற்பத்தொரு பேச்சுவார்த்தைகள். அம்மா இதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “பரவாயில்லடி, தாராளமாத்தான் இடம் விட்டிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வெளிவந்த மாதத்திலேயே அந்த வெள்ளைத் துண்டுக்கு மூன்று பேர் உரிமை கோரினார்கள். இருவர் அவள் கண்ணால் பார்த்திராத வேறு பல்கலைக்கழகத்துக்காரர்கள். மூன்றாமவர் துறைத்தலைவர். தன் வழிகாட்டுதலில் உருவானது என்றும், காலியான இடம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்றும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்தம்மாவிடம் வேறு கட்டுரை இருந்தால் காட்டட்டும் என்றும் அவர் ஒப்பந்தங்களை முடிவு செய்யும் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். குழு ஒரு வியாழக்கிழமை கூடியது. ஐந்து பேர் இதழைக் கைமாற்றிப் பார்த்தார்கள், தேநீர் வந்தது, குடித்தார்கள். ஆதாரம் ஏதாவது உண்டா என்று அவளைக் கேட்டார்கள். ஆறு வருடம் எடுத்த குறிப்புகள் நான்கு பெட்டி இருக்கின்றன என்றாள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் இருந்த மூலை வெள்ளையாக இருந்ததால் அது ஆதாரமாகாது என்றார்கள். அவள் அதற்குமேல் வாதாடவில்லை. களைத்துப் போயிருந்தாள்.

கோப்பு கொண்டுவந்திருந்த ஸ்கேலம்மா வாசலருகே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் சார் என்று உள்ளே வந்து இதழை வாங்கி, வெள்ளைத் துண்டின் மேல் ஸ்கேலை வைத்தார். மூன்று சென்டிமீட்டர் ஆறு மில்லிமீட்டர். வருகைப் பதிவேட்டை வரவழைத்தார். அத்தனை மாதப் பக்கங்களிலும் அதே மூன்று ஆறு. பட்டச் சான்றிதழில் எழுத்து பெரிது, வாசல் பலகையில் இன்னும் பெரிது, இரண்டிலும் மூன்று ஆறுதான். பிறகு துறைத்தலைவரின் பெயரைப் பட்டங்களோடு அளந்தார், பதினொன்று வந்தது. பட்டங்களை விட்டு அளந்தார், ஐந்து இரண்டு. “உங்க பேர் இதுக்குள்ள உட்காராது சார்,” என்றார். மற்ற இருவருடைய பெயர்களும் உட்காரவில்லை. குழுவில் மூத்தவர் அளவைத் தாமே ஒரு முறை சரிபார்த்து, வெற்றிடம் விரிவுரையாளருடையதே என்று குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீட்டப்பட்டது. நிரந்தரம் ஆகவில்லை. அதற்கு இரண்டாவது கட்டுரை வேண்டும்.

பெயர் திரும்பவே இல்லை, யாரும் தேடவும் இல்லை. துறையில் மற்றவர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். சின்ன நாடுகள் இரண்டு, தூதுக்குழுவுக்குத் தேதியில்லாத டிக்கெட் வாங்கும்படி விதியை மாற்றின. மேற்கோள் பட்டியல் அகர வரிசையில் போகும் என்பதால் வெற்றிடம் அகரத்துக்கு முன்னால் வருகிறது. துறைத்தலைவருக்கும், ஒன்பது கட்டுரைக்காரருக்கும், பெரிய நாடுகளின் பெரிய பேராசிரியர்களுக்கும் மேலே, பட்டியலின் முதல் வரியில், மூன்று சென்டிமீட்டர் ஆறு மில்லிமீட்டர் வெள்ளை இருக்கும். அச்சகங்களில் அதற்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் அந்த ஆய்வைச் சொல்ல வேண்டிய இடத்தில் மாணவர்கள் ஒரு மூச்சு நேரம் நிறுத்திவிட்டு, பிறகு வருடத்தைச் சொல்ல வேண்டும். நிறுத்த மறந்தால் அரை மதிப்பெண் போகும். அதை அவளே குறைக்கிறாள்.