மாமன் கை

கிர்கிஸ்தானின் ஓஷ் நகர ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகள் பெகைம் என் தோளில் துவண்டு கிடந்தாள். ஒன்றரை வயது. காலையிலிருந்து வாந்தி. பிறகு அதுவும் நின்று, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு இறக்கக் கைக்குழந்தையிலேயே ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா பிள்ளையின் காதுக்குப் பின்னால் தோலடியில் இருந்த அந்தக் குழாயின் குமிழை அழுத்திப் பார்த்தாள். அமுங்கியது, மேலெழவில்லை.

“அடைச்சிருக்கு. உடனே திறந்து மாத்தணும். விட்டா எழுந்திருக்க மாட்டா.”

நர்ஸ் முடி மழிக்கும் மெஷினோடு வந்தாள். என் மனைவி ஜூரா பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“போன தடவையும் அவசரம்னு நீங்களே மழிச்சீங்க. முத முடி தாய்மாமன் இறக்கணும். அவன் கை படல, அதான் குழாய் அடைச்சுது. அண்ணன் வரட்டும்.”

“உங்கண்ணன் ரஷ்யாவுல செங்கல் சுமக்கிறான். அவன் வர்றதுக்குள்ள...” என்றேன்.

பஜாரில் மூட்டை தூக்கும் கை என்னுடையது. அவள் விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

“போன் போடுய்யா அவனுக்கு,” என்றாள் டாக்டரம்மா.

போட்டேன். வீடியோவில் மச்சான் உலார்பெக்கின் முகமெல்லாம் சிமெண்டுத் தூசி.

“மாமன் முடி இறக்கினா குதிரைக்குட்டி குடுக்கணும்னுதானே ஊரைவிட்டே ஓடினே,” அழுதுகொண்டே திட்டினாள் ஜூரா.

“தாய்க்குதிரையோட சேர்த்தே குடுக்கிறேண்டி. அந்த நர்ஸ் பேரென்ன?”

“மீரிம்,” என்றாள் நர்ஸ்.

“மீரிம் அக்கா, என் கையை உங்களுக்குக் குடுத்துட்டேன். பிஸ்மில்லா சொல்லி வெட்டுங்க. ஜூரா, கையை எடு. எடுடி.”

எடுத்தாள். முடி அவள் முக்காட்டுத் துணியில் விழுந்தது. பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் சுவரோரம் உட்கார்ந்தோம்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது.

“பழைய குழாயோட உள்முனையில சதை ஒட்டிக்கிட்டிருந்துது. இழுத்தா ரத்தம் கொட்டும். அதை அப்படியே விட்டுட்டுப் பக்கத்துல புதுசா ஒண்ணு வச்சிருக்கோம். தண்ணி நல்லா இறங்குது.”

“எழுந்திருப்பாளா அக்கா?” என்றாள் ஜூரா.

“ரொம்ப நேரம் அழுத்தத்துல இருந்திருக்கா. வந்து கூப்பிடுங்க.”

கூப்பிட்டோம். அசைவில்லை. டாக்டரம்மா பாதத்தைக் கிள்ளினாள். பிள்ளை காலை இழுத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். கண் மட்டும் திறக்கவில்லை.

“இது நல்லது. நிறுத்தாதீங்க.”

ஜூராவுக்குத் தொண்டை கட்டியபின் நான் கூப்பிட்டேன்.