முப்பத்தொரு தாள்

விடியற்காலை ஐந்து மணிக்கே எங்கள் சலவைக்கூடத்தில் மூச்சு முட்டும். கொதிகலன் சீறும். ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரத்தோடு மலையாகக் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் உதறி, இரண்டு முனையைப் பிடித்து இழுத்து, சூட்டு ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று வந்து விழும். அதை மடிப்பவள் நான். பதினொரு வருடமாக மடிக்கிறேன். என் உள்ளங்கையில் ரேகை தேய்ந்துபோய்விட்டது.

அங்கே என் பெயரை யாரும் சொல்வதில்லை. 'கையெழுத்தக்கா' என்பார்கள். அச்சடித்தாற்போல் எழுதுவேன். கூலி உயர்வா, கழிவறைக்குக் கதவா, எதுவானாலும் மனு எழுதுவது நான்தான். 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கிப் பதினைந்து கோரிக்கை வரிசையாக எழுதுவேன். கீழே எல்லோரும் பேர் போடுவார்கள். 'மனு பெறப்பட்டது' என்று பதில் வரும். அதற்குமேல் ஒரு மண்ணும் வந்ததில்லை. ஆனாலும் என்ன, எழுதியது நான்!

அந்தப் பெருமையில் மண் விழுந்தது என் ஓரகத்தியால். கொழுந்தன் மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். நான்தான் சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தேன். என் தலையெழுத்து! மூன்றே வருடத்தில் எல்லோரும் அவளைச் சுற்ற ஆரம்பித்தார்கள். அவள் எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். வாய் மட்டும் கத்தி.

போன மாதம் பாட்டுக்காரியின் கை ரோலருக்குள் போனது. வேலையெல்லாம் பாடிக்கொண்டே செய்கிறவள். அன்று பாட்டு பாதியில் நின்று அலறலாக மாறியதை இன்னும் என் காது மறக்கவில்லை. வலது கையில் நான்கு விரல் போயிற்று. மறுநாளே அந்த இடத்தில் சின்னவளை நிறுத்தினார் முதலாளி.

அவள் சும்மா நிற்கவில்லை.

"ரோலர் வாய்க்குத் தடுப்பு போடுங்க முதலாளி."

"தடுப்பு போட்டா மணிக்கு நாப்பது விரிப்பு குறையும். கையைப் பாத்து வேலை செய்யணும்."

"கையைப் பாத்தா துணி சுருங்குதுன்னு திட்டுறீங்க. துணியைப் பாத்தா கை போகுது. எதைப் பாக்கட்டும்?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"வாயாவது முழுசா இருக்கே."

எல்லோரும் விரிப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. பதினொரு வருடத்தில் இப்படி ஒரு பதில் என் வாயில் வந்ததுண்டா?

அடுத்த வாரம் அவள் தனியாகப் போய் எங்கள் வார்டு மெம்பரின் உதவியாளரைப் பார்த்துவிட்டு வந்தாள். மதியம் மடிப்பு மேசையருகே எல்லோரையும் கூட்டினாள்.

"வர்ற வியாழக்கிழமை நகரமன்றத்துல நம்ம சலவைக்கூடத்து லைசென்ஸைப் புதுப்பிக்கிறாங்க. தடுப்பு இல்லாம புதுப்பிக்காதீங்கன்னு அந்த ஒண்ணை மட்டும் கேப்போம். எத்தனை பேர் கையெழுத்து போட்டாலும் ஒரு மனு அங்க ஒரு தாள்தானாம். ஆளாளுக்குச் சொந்தமா எழுதினா மெம்பரே படிப்பாராம். அவங்கவங்க கையால, அவங்கவங்களுக்கு நடந்ததை எழுதுங்க. கதவு நம்பரும் போடுங்க. நம்ம ஓட்டு அவரு வார்டுலதான் இருக்குன்னு தெரியட்டும்."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்படியானால் என் பதினொரு வருட மனு? குப்பையா? காதில் புகை வந்தது எனக்கு.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனேன். "உன் கோணல் எழுத்தைப் பாத்தா அங்க சிரிப்பாங்கடி. குடு, நான் எழுதித் தர்றேன்" என்றேன். அவர்களுக்கும் கூச்சம்தானே, சட்டென்று ஒப்புக்கொண்டார்கள். "நல்லவேளை வந்தீங்க கையெழுத்தக்கா" என்றார்கள். அந்த வார்த்தை தேனாக இறங்கியது. இரண்டு நாளில் என்னுடையதையும் சேர்த்து முப்பது கடிதம். சின்னவள் மட்டும் தன்னுடையதைத் தானே கிறுக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து எல்லோருமாக மெம்பர் அலுவலகம் போனோம். குறுகிய அறை, ஒரு மின்விசிறி, நான்கு நாற்காலி. அவர் கடிதக்கட்டை வாங்கி முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு சீட்டுக்கட்டு போல விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"இந்த எழுத்து எனக்கு நல்லாத் தெரியும்மா. வருஷாவருஷம் வருது. ஒருத்தி தூண்டிவிடுறா, மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்க முதலாளி நேத்துதான் சொன்னாரு. சரியாத்தான் இருக்கு."

முப்பதையும் மேசையில் போட்டார். கடைசியில் இருந்த கோழிக்கிறுக்கலை மட்டும் கண்ணருகே வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் போக வேண்டியது என் எழுத்து!

சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுப்பாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் வாயே திறக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் எழுதினேங்க" என்றேன். "அவங்கவங்க எழுதணும்னுதான் இவ சொன்னா. இவளுக்குப் பேர் வந்துடுமேன்னு பொறாமையில நான் கெடுத்துட்டேன். எழுத்துதான் என்னோடது. விரல் போனது நிஜம்."

மெம்பர் கண்ணாடியைக் கழற்றினார். "கூட்டம் வியாழக்கிழமை பத்து மணிக்கு" என்று மட்டும் சொன்னார்.

தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. சின்னவள்தான் பக்கத்தில் வந்தாள்.

"நாளைக்கு மதியம் அரைமணி நேரம் இருக்கு. பேனாவும் தாளும் நீங்க கொண்டுவாங்கக்கா."

புதன்கிழமை மடிப்பு மேசையில் முப்பது தலைகள் குனிந்திருந்தன. சாப்பாட்டை யாரும் பிரிக்கவில்லை. கொதிகலன்காரர் பேனாவைத் திருப்புளி பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். எங்கு பார்த்தாலும் எழுத்துப்பிழை. திருத்தச் சொல்லி என் விரல் துடித்தது. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். அவர்களோடு பாட்டுக்காரியும் வீட்டிலிருந்து வந்து, கட்டுப்போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டு, இடது கையால் எழுதினாள். மூன்று வரிக்கு அரைமணி நேரமும் ஆயிற்று.

நான் பழக்கதோஷத்தில் 'பெருமதிப்பிற்குரிய' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டேன். பிறகு மனதில் இருந்ததை எழுதினேன். சாயங்காலமே எல்லாத் தாளையும் மெம்பர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.

வியாழக்கிழமை அரைநாள் கூலி போனாலும் போகட்டும் என்று நகரமன்றத்தில் பார்வையாளர் வரிசை முழுக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். முன்வரிசையில் முதலாளி. எங்கள் உரிமம் வந்தபோது தலைவர் மடமடவென்று வாசித்துத் தாண்டப் பார்த்தார். மெம்பர் எழுந்தார். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு முதல் தாளைப் படித்தார்.

"எனக்கு நாலு விரல் போச்சு. தடுப்பு இருந்தா போயிருக்காது. இப்ப அங்க வேற ஒருத்தி நிக்கிறா."

அவர் அடுத்த தாளை எடுத்தார். அச்சடித்தாற்போன்ற எழுத்து. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அங்க நிக்கிறவ என் ஓரகத்தி. அவளைக் கண்டா எனக்கு ஆகாது. ஆனா அவ கைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது."

யாரோ சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உரிமத்தை மறுக்கவுமில்லை, புதுப்பிக்கவுமில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து அறிக்கை தரட்டும் என்று பதினைந்து நாள் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கும் வருகிறோம் என்று மெம்பரிடம் சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் இந்தப் பதினைந்து நாளும் ரோலர் தடுப்பில்லாமல்தானே ஓடும்?

அதற்கும் பேசி ஒரு முடிவெடுத்தோம். வெள்ளிக்கிழமை விடியலில் ரோலரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம். விரிப்புகள் நிதானமாக வந்தன. ஆறு மணிக்கு முதலாளி பாய்ந்து வந்தார்.

"எவ வேகத்தைக் குறைச்சது?"

நாங்கள் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அவர் கண் சின்னவள் மேல் நின்றது.

"நீதானே? எழுதுறதுலதான் எல்லாருக்கும் இப்ப ஆசை வந்துடுச்சே. செஞ்சவ எழுதிக் குடுத்துட்டு வெளிய போகட்டும்!"

அவள் தாளை எடுக்குமுன் நான் எடுத்தேன். 'வேகத்தைக் குறைத்தது நான்தான்' என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். என் தாள்மேல் கொதிகலன்காரர் ஒன்றை வைத்தார். அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. கோணலாக, பிழையாக, முப்பத்தொரு தாளிலும் அதே வரி.

முதலாளி ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது சின்னவளின் கோழிக்கிறுக்கல். என்னுடையது எங்கோ அடியில் கிடந்தது. வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது, இல்லையென்றால் பொய். அவர் பதில் சொல்லட்டும் என்று ரோலரருகே போனேன். சின்னவள் விரிப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன்.