பாலம் பலமாக இருக்கிறது

ஒரு நாட்டில் நீதிமன்றம் உறங்கலாம், சட்டமன்றம் கலையலாம். செய்தி சொல்பவனின் நாக்கு மட்டும் தராசு முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும். 'தராசு' விவாத நிகழ்ச்சியின் நெறியாளர் இந்த வாசகத்தைத் தினமும் முற்பகல் பதினொரு மணிக்குக் கேமராவைப் பார்த்துச் சொல்வார். சொல்லி முடித்த கையோடு, காதில் செருகியிருக்கும் கருவி வழியாக, இன்றைக்கு முள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று செய்தி ஆசிரியர் சொல்வார்.

நெறியாளரின் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தராசு நின்றது. தெர்மோகோலில் செய்து தங்க நிறத் தாள் ஒட்டியது. ஏசி காற்றில் தட்டுகள் ஆடுகின்றன என்று முதல் வாரமே பசை போட்டு அசையாமல் செய்துவிட்டார்கள். அவசர ஒட்டு. ஒரு தட்டு இரண்டு விரல்கடை கீழே இறங்கிப்போனது. ஆளுங்கட்சிக்காரருக்கு அந்தத் தட்டின் கீழேதான் நாற்காலி.

அன்றைய தலைப்பு, "பாலத்தின் மீது பழி போடுவது யார்?"

ஆற்றின் மேல் எட்டு மாதத்துக்கு முன் திறந்த புதுப் பாலம் அது. கட்டிய மந்திரி, சேனல் முதலாளிக்குச் சம்பந்தி. இரண்டு நாளாக விடாத மழை. பாலத்தில் விரிசல் என்று காலையிலிருந்தே ஊர் முழுக்கப் பேச்சு. எதிர்ச் சேனல் அந்த விரிசலைப் பேய்ப்பட இசையோடு காட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில் இடிந்த பாலத்தையும் நடுநடுவே சேர்த்துக்கொண்டது. இவர்களுடைய சேனலிலோ திறப்பு விழாவன்று எடுத்த படம் ஓடியது. ஊரெல்லாம் மழை கொட்ட, சேனலில் மட்டும் சுள்ளென்று வெயில் அடித்தது.

விரிசல் உண்மை என்பது நெறியாளருக்குத் தெரியும். பத்தேகாலுக்கு எடிட்டிங் அறையில் அதைக் கண்ணால் பார்த்தார். களத்திலிருந்த செய்தியாளர் குனிந்து அதற்குள் கையை விட்டுக்கொண்டே, "சார், மணிக்கட்டு வரைக்கும் போகுது சார்" என்று கத்தினார். ஆசிரியர் திரையைப் பார்த்து, "முதல்ல கையை எடுக்கச் சொல்லு. அப்புறம் அந்த ஆளையும் அங்கேருந்து எடுத்துடு" என்றார். அதோடு அந்தச் செய்தி முடிந்தது.

நெறியாளருக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. பதினோரு வருடச் சர்வீஸ். நம் பக்கம் கூடினால் மக்கள் வெள்ளம், அந்தப் பக்கம் கூடினால் திரட்டி வந்த கூட்டம் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். போனை வாசலில் இருந்த தட்டில் போட்டுவிட்டு, காலரில் மைக் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து, தொடக்க இசை முழங்கிய பிறகுதான் அந்த இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது.

இன்றைக்கு மகளுக்குப் பல் டாக்டர்.

வீடு அக்கரையில். டாக்டர் இக்கரையில். பழைய ரோடு என்றால் ஆற்றைச் சுற்றி முக்கால் மணி நேரம், பாலம் என்றால் பத்து நிமிஷம். காலையில் மனைவிதான் காரோட்டி மகளைக் கூட்டிவந்திருந்தாள். பல்லில் கட்டியிருக்கும் கம்பியை இறுக்குவார்கள், பதினொன்றரைக்கு முடிந்துவிடும். முடிந்ததும் வீடு திரும்புவார்கள். பாலத்து வழியாக.

"இந்தப் பாலம்," என்றார் நெறியாளர் கேமராவைப் பார்த்து, "பலமாக இருக்கிறது." சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் இடைவேளை பதினொன்று பதினாலுக்கு வந்தது. முகத்துக்குப் பவுடர் ஒற்ற மேக்கப் அக்கா வந்தார். அரங்கத்துக்குள் யாரிடமும் போன் கிடையாது. அக்காவின் போன் வெளியே மேக்கப் அறையில் இருக்கும். நெறியாளர் காலர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அக்கா, என் மனைவிக்கு ஒரு போன் போடுங்க. நம்பர் ரிசப்ஷன்ல இருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது பழைய ரோட்டு வழியா போகச் சொல்லுங்க."

"தம்பி, மைக்கை ஏன் பொத்துறே? கரகரங்குது" என்றது காதில் ஆசிரியரின் குரல்.

நெறியாளர் கையை எடுத்தார்.

"பழைய ரோடா? அங்க செங்கல் சூளை லாரி போய்ப் போய் முழங்கால் ஆழத்துக்குச் செம்மண் சேறுல்ல கிடக்கு?" என்றார் அக்கா. "எதுக்கு சார்?"

"சும்மாதான். அந்தப் பக்கம் மரமெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கும்."

"கொட்டுற மழையில மரம் பாக்கவா?"

"யாருக்கு மரம்? என்ன மரம்?" என்றது காது.

அக்கா மூக்கு நுனியில் பவுடர் ஒற்றும் சாக்கில் குனிந்தார். "புரியுது சார்," என்றார் மெதுவாக. "மணிக்கட்டு வரைக்கும் போச்சாமே?"

இடைவேளை முடிந்தது. எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டினார். "எழுதி வச்சுக்கங்க. இந்தப் பாலம் இன்னிக்குச் சாயங்காலம் தாங்காது!"

"எங்க பாலம் இரும்புக் கோட்டை. விரிசல் எல்லாம் உங்க கட்சியிலதான்" என்றார் ஆளுங்கட்சிக்காரர்.

வழக்கமாக இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்காரருக்கு இருபது வினாடி தந்துவிட்டு, "நேரமின்மை காரணமாக" என்று நெறியாளர் கத்தரித்துவிடுவார். அன்று கத்தரிக்கவில்லை. பல் டாக்டர் கிளினிக் வரவேற்பறையில் எப்போதும் டி.வி. ஓடும், அதுவும் இந்தச் சேனல்தான் என்பது அவருக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்காரர் நன்றாகப் பயமுறுத்தட்டும் என்று விட்டுவிட்டார். அந்த மனிதரோ பாலத்தை விட்டுவிட்டு, மந்திரியின் மைத்துனர், மைத்துனரின் சிமென்ட் ஏஜென்சி என்று வம்சாவளி பேசப் போய்விட்டார். நெறியாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சரி, அப்போ மக்கள் பழைய ரோட்லதான் போகணும்னு சொல்றீங்களா? உடனே? இப்பவே?"

"தம்பி!" ஆசிரியர் அலறியதில் காது அடைத்தது. "அவன் கேக்காததை நீ எடுத்துக் குடுக்கிறியா?"

எதிர்க்கட்சிக்காரர் ஒரு கணம் திகைத்தார். இந்தச் சேனலில் அவருக்கு யாரும் இதுவரை பந்தி விரித்ததில்லை. ஏதோ பொறி இருக்கிறது என்று நினைத்தவர், சட்டென்று திருப்பினார். "நான் சொல்றது இருக்கட்டும். உங்க வீடு அக்கரையிலதானே? நீங்க போவீங்களா அந்தப் பாலத்துல?"

நெறியாளர் மேசைக் காகிதங்களை மூன்று வினாடி அடுக்கினார். டி.வி.யில் மூன்று வினாடி என்பது மூன்று நாள்.

"போவேன்னு சொல்லு" என்றது காது. "குடும்பத்தோட போவேன்னு சொல்லு."

காதில் விழுந்தது வாயில் வந்தது. நடுவே மூளையைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் அவருடைய பதினோரு வருடத் தொழில் திறமை. "போவேன்! இன்னிக்கு மத்தியானமே, என் மனைவியோட, என் மகளோட, அந்தப் பாலத்துலதான் போவேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. அதற்குள் திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் அது ஓட ஆரம்பித்திருந்தது. குடும்பத்துடன் பாலத்தில் பயணம், நெறியாளர் சவால்.

"பிரமாதம்!" என்றது காது. அது அவரைப் பாராட்டி ஒரு வருடமாகியிருந்தது.

இரண்டாவது இடைவேளையில் அக்கா கையை விரித்தார். "மூணு தடவை அடிச்சிட்டேன் சார். எடுக்கல. தெரியாத நம்பர்னு விட்டுட்டாங்க போல." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பவுடர் நிக்க மாட்டேங்குது சார், இப்படி வேர்த்தா நான் என்னதான் பண்றது?" என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தாறு. இந்நேரம் கம்பியை இறுக்கியிருப்பார்கள். இந்நேரம் மனைவி வண்டியை எடுத்திருப்பாள். மீதி நேரம் முழுக்க நெறியாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கால் மேசைக்கடியில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது. காது சொல்லச் சொல்ல, பாலம் பலமாக இருக்கிறது என்று அவர் இன்னும் ஆறு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு கார் பாலத்தில் ஏறியது போல இருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் விருந்தினர்கள் இருவரும் சண்டையை மேசையில் வைத்துவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் காபிக்குப் போனார்கள். எதிர்க்கட்சிக்காரர் போனில் தன் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "வெளியே வந்து நில்லுப்பா, பாலத்து வழியா போனா பத்து நிமிஷத்துல வீடு."

நெறியாளர் நின்றார். "சாயங்காலம் தாங்காதுன்னு சொன்னீங்களே?"

"மத்தியானம்தானே ஆகுது?" என்று சிரித்தார் அவர். "அந்தப் பழைய ரோட்ல போனா என் இடுப்பு தாங்காது சார். இடுப்பு வலி மட்டும் நிஜம்."

"நீங்களும் பாலமா?" என்று ஆளுங்கட்சிக்காரரைக் கேட்டார் நெறியாளர்.

"நானா?" அவர் காபியை ஊதினார். "எனக்குப் பழைய ரோட்ல ஒருத்தரைப் பாக்கணும்."

நெறியாளர் வாசல் தட்டிலிருந்து தன் போனைப் பிடுங்கி மனைவிக்கு அடித்தார். மணி போனது; எடுக்கவில்லை. ஏழு தடவை. படியில் இறங்கியபடி, குடை இல்லாமல் நனைந்தபடி, அலுவலகக் காரில் ஏறி உட்கார்ந்தபடி அடித்தார்.

டிரைவர் வைப்பரைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "டி.வி.ல பாத்தேன் சார். அசத்திட்டீங்க. பாலத்துலதானே போறோம்?"

நெறியாளர் காலரைத் தடவிப் பார்த்தார். மைக் இல்லை. பிறகு பதில் சொன்னார்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி ஒன்றே முக்கால். மனைவியின் கார் ஏற்கெனவே அங்கே நின்றது. நெறியாளருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். மனைவி ஈரத் துணியை நாற்காலியில் பரப்பிக்கொண்டிருந்தாள். மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் போனையே எடுக்கல?"

"கிளினிக்ல சைலன்ட்ல போட்டேன், மறந்துட்டேன். ஏங்க இப்படித் தெப்பமா நனைஞ்சிருக்கீங்க?"

"எந்த வழியா வந்தீங்க?"

"பழைய ரோடுதான். வேற எப்படி?"

"யாரு சொன்னா? மேக்கப் அக்கா பேசினாங்களா?"

"எந்த அக்காவும் பேசல. நீங்கதானே சொன்னீங்க, பாலம் பலமா இருக்குன்னு." மனைவி துண்டை அவர் தலையில் போட்டாள். "நீங்க வாயைத் திறந்ததுமே நான் முடிவு பண்ணிட்டேன்."

நெறியாளருக்கு விளங்கவில்லை. மகள் சூப்பை வைத்துவிட்டுக் கம்பிக்குள்ளிருந்து பேசினாள். "அப்பா, குடிதண்ணி சுத்தமா இருக்குன்னு நீங்க சொன்ன அன்னிலேருந்துதான் நம்ம வீட்ல தண்ணியைக் காய்ச்சுறோம். பெட்ரோல் தட்டுப்பாடே இல்லன்னீங்க, அம்மா உடனே போய் டேங்கை ரொப்பிட்டாங்க. கணக்குப் பரீட்சைத் தாள் வெளியாகவே இல்லன்னு சொன்னீங்கல்ல? நான் அன்னிக்கே படிக்கிறதை நிறுத்திட்டேன். மறுபடி பரீட்சை வச்சாங்களா இல்லையா?"

"உங்கப்பா ஒரு தடவைகூடத் தப்பினதில்லடி" என்றாள் மனைவி. கிண்டல் மாதிரியும் இல்லை. "கிளினிக்ல பாக்கணுமே. நாங்களாவது குடும்பம். அங்க உக்காந்திருந்த ஒரு பெரியவர், நீங்க நாலாவது தடவை பலமா இருக்குன்னதும், 'ஐயையோ, அவ்வளவு மோசமாவா இருக்கு'ன்னு செருப்பைத் தேட ஆரம்பிச்சிட்டார். மொத்தப் பேரும் பழைய ரோட்லதான் வந்தோம். என்னா நெரிசல்ங்கறீங்க!"

நெறியாளர் நாற்காலியில் விழுந்தார். ஈரத் துணியின் மேலேயே விழுந்தார்.

"ஒண்ணுதான் பொறுக்கல" என்றாள் மனைவி. குரல் மாறியிருந்தது. "அந்த ஆள் உங்களைக் கேட்டா, உங்களைப் பத்திச் சொல்லிட்டுப் போறது. என் பொண்ணை எதுக்கு அதுல ஏத்தினீங்க? ஒரு வார்த்தை எங்களைக் கேட்டீங்களா?"

"நான் துடிச்சுப் போயிட்டேன்மா. நீங்க ரெண்டு பேரும் பாலத்து மேல இருப்பீங்களோன்னு..." அது காது சொல்லித்தராத வாக்கியம்; முடிக்க வரவில்லை.

மனைவி அவரைப் பார்த்தாள். துண்டை எடுத்துத் தானே அவர் தலையைத் துவட்டினாள். மூலையில் டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. அழகுபடுத்தும் பணிக்காகப் பாலம் தற்காலிகமாக மூடப்படுகிறது என்று பட்டையில் எழுத்து ஓடியது. மேலே அதே வெயில்.

"அப்போ எங்களைத் தேடிப் பாலத்துக்கா போனீங்க?" என்றாள் மெதுவாக.

"பின்னே?" என்றார் நெறியாளர். பதினொரு மணிக் குரல் தானாக வந்துவிட்டது.

"பாலம் காலியால்ல கிடந்திருக்கும்? அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் மகள்.

"மழைம்மா."

மகள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். வாசலில் அம்மாவின் காரும் அலுவலகக் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டின் சக்கரங்களிலும் செம்மண் அப்பியிருந்தது.