கொஞ்சம் பிரயோஜனம்

உடற்பயிற்சியால் கொஞ்சம்தான் பிரயோஜனம், தேவபக்தியால் எல்லாவற்றிலும் பிரயோஜனம் என்று போதகர் கல்யாணத்தன்றே பிரசங்கம் பண்ணிவிட்டார். மாப்பிள்ளை உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் என்பது போதகருக்குத் தெரியாதா, தெரிந்தேதான் வாரினாரா, கர்த்தருக்கே வெளிச்சம். கதவை மறைக்கிற உடம்புள்ள அந்த மாப்பிள்ளையை நண்பர்கள் அன்றிலிருந்து ‘கொஞ்சம் மாஸ்டர்’ ஆக்கிவிட்டார்கள்.

“என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டாரே உங்க போதகர்” என்று மனைவியிடம் பொருமுவார்.

“கொஞ்சம்னுதானே சொன்னார். ஒண்ணுமே இல்லன்னா சொன்னார்?” என்பாள் அவள்.

மாமனார் பக்கவாதத்தில் விழுந்து இவர்கள் வீட்டுக்கு வந்தபோது மாஸ்டருக்கு உள்ளூரப் பெருமைதான். பெரிய உடம்புக்காரரான அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கிவைக்க மாஸ்டரை விட்டால் ஆள் கிடையாது. ஆளைத் தூக்கிவிடலாம், வாயைத் தாங்குவதுதான் பெரும்பாடு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஒரு பக்கம் கை கால் நின்றுபோயும் வாய்க்கு மட்டும் பிரேக் பிடிக்கவில்லை. ‘நீங்க, வாங்க’ என்று மரியாதை குறையாமலேயே மானத்தை வாங்குவார்.

போன வாரம் பொறுக்க முடியாமல் மாஸ்டர் அவரைக் கட்டிலில் பொத்தென்று போட்டுவிட்டார். மனைவி பார்த்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்பாவை முதியோர் இல்லத்துல விட்டுர்றேன். அவர் உங்களுக்குப் பயந்துட்டுக் கிடக்க வேணாம்” என்றாள்.

மாஸ்டர் கூனிக் குறுகிப்போனார்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அப்பாவின் அறைக்குள் போகுமுன் தாழ்ப்பாளில் கை வைத்துக் கண்ணை மூடிச் சற்று நிற்பாள். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்திருந்தவர் அன்று கேட்டேவிட்டார்.

“ஜெபம் பண்றேன். கோபத்தோட உள்ள போகக் கூடாதில்ல.”

அவளுக்கும் அப்பா மேல் கோபம் வரும் என்பதே மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். மாஸ்டர் மாமனாரைத் துடைத்துவிட்டு, சட்டை மாற்றி, புது விரிப்புப் போட்டுப் படுக்கவைத்தார். மாமனார் நல்ல கையால் தண்ணீர்ப் பாத்திரத்தை விரிப்பின்மேல் கவிழ்த்தார். தவறி விழவில்லை. கவிழ்த்தார்.

“என்ன மாப்பிள்ளை முறைக்கறீங்க? இரும்பைத் தூக்கித் தூக்கி மூளையும் இரும்பாயிடுச்சா? மூட்டை தூக்கறவனுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்?”

மாஸ்டரின் விரல்கள் மடங்கின. அடுத்து அந்தக் கை எங்கே போகும் என்று அவருக்கே தெரிந்தது. விறுவிறுவென்று வெளியே வந்து கதவைச் சாத்தினார். இத்தனை வருஷம் ஏற்றிய உடம்பு முழுக்க நடுங்கியது. அதை அடக்க அந்த உடம்பில் எந்தத் தசையும் இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்துக் கண்ணை மூடினார். அழகான ஜெபம் எதுவும் வரவில்லை.

“ஆண்டவரே, நான் இப்ப உள்ள போனா இவரை அடிச்சிருவேன். நீங்க முதல்ல போங்க.”

கொஞ்சம் இடம் விட்டு நின்றார். அப்புறம் கதவைத் திறந்தார்.

கிழவரின் கழுத்துக்கடியில் கையை மெல்ல நுழைத்துத் தூக்கி, நாற்காலியில் உட்காரவைத்தார். ஈர விரிப்பை உருவினார். மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிய நின்னீங்களா மாப்பிள்ளை?”

“ஏன் மாமா?”

“கால் சத்தம் கதவுகிட்ட நின்னுச்சு. என் பொண்ணும் அப்படித்தான் நின்னுட்டு வருவா. நின்னுட்டு வர்ற கை வேற மாதிரி இருக்கும். படுத்துக் கிடக்கறவனுக்குத் தெரியும்.”

கோயில் வாசலை வேண்டாவெறுப்பாக மிதிக்கிற மனிதர் இதைச் சொல்வார் என்று மாஸ்டர் எதிர்பார்க்கவேயில்லை. விரிப்பைச் சுருட்டி வாளியில் போட்டார்.

“அடுத்த தடவை நிக்கும்போது என்னையும் சேர்த்துக்கோங்க” என்றார் கிழவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. “எனக்கும் இந்த வாயை அடக்க முடியல.”

மாலையில் மனைவி திரும்பியபோது விரிப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் குறட்டை கூடம்வரை கேட்டது. அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

“எப்படிங்க சமாளிச்சீங்க?”

“தூக்கினது நான்” என்றார் மாஸ்டர். “மீதியெல்லாம் உங்க போதகர் சொன்ன கணக்குதான்.”