வீட்டுக்காரிக்குத் தெரியாமல்

கண்டியில் அந்த நரம்பு டொக்டரின் கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். உடப்புசல்லாவையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தும் அந்த லட்சணம். முறை வந்ததும் எங்கள் வீட்டு மனுசனின் அடையாள அட்டையை யன்னலுக்குள் நீட்டி, புதிதாக ஒரு கிளினிக் கொப்பி போட வேண்டும் என்றேன். உள்ளே இருந்த சிங்களப் பிள்ளை நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டது.

"ஆண்டியப்பன். புதுசு இல்லத்தானே அம்மா. இவருக்குக் கொப்பி இருக்கு, ரெண்டு வருசம். அத கொண்டு வரல்லயா?"

"வேற யாராவது இருக்கும் மிஸ். நாங்க இன்னைக்கித்தான் மொத மொதலா வர்றோம்."

அது வாசித்துக் காட்டியது. தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து நம்பர் எல்லாம் எங்களுடையதுதான். கூட வந்தவர் என்று ஒரு பெயரும் இருந்தது. தர்ஷிகா, மகள். இதே கண்டியில் புடவைக் கடையில் வேலை செய்கிற என் மகள், நான் பெற்ற ஒன்றே ஒன்று. மகளைப் பார்க்கப் போகிறேன் என்று இவர் சொல்லிவிட்டுப் போன நாட்களில் நாலு தரம் கூட்டி வந்திருக்கிறாள். அவள் பயந்துவிடுவாளே என்று அவளுக்குக்கூடச் சொல்லாமல் நான் இவரைக் கூட்டி வந்திருந்தேன். முப்பத்தாறு வருசம் சோறு பொங்கிப் போட்டவள் நான் யார், பக்கத்துத் தோட்டத்து ஆளா?

அவர் பாட்டுக்கு வாங்கில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

எனக்கு அவருடைய மறதி தெரியவந்தது போன வருசம்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் எங்கள் தோட்டத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மலை முழுக்க ஒரே மட்டமாக வெட்டி விடுவார். வேலையிலிருந்து நின்று நாலு வருசம் ஆன மனுசன், ஒரு நாள் காலையில் கவ்வாத்துக் கத்தியோடு போய் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றாராம், பேர் கூப்பிடுவார்கள் என்று. வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயா சிரித்து அனுப்பிவிட்டார். மறுநாளும் போய் நின்றார். அதற்கு அடுத்த வாரம் மேல் லயத்தில் யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்து, சோறு போடு என்று உட்கார்ந்துவிட்டார். நான் கத்தினேன், அழுதேன், பிறகு குறி சொல்கிற கோடாங்கி மூக்கனிடம் போனேன். அவன் உடுக்கை அடித்துப் பார்த்து, "இது செய்வினைதான். பக்கத்து வாசல்லேருந்து கை நீண்டிருக்கு. வாய் வழியாப் போகுது" என்றான்.

பக்கத்து வாசல் என்றால் அழகம்மா. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். ரெண்டு பேரும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள். தர்ஷிகா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக லொறி வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் அவள்தான். எனக்கு நம்ப மனசு வரவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை பீலிக்குப் போனவள், குடத்தை மறந்து பாதியில் திரும்பி வந்தேன். அழகம்மா வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் இவர் நிற்கிறார். அவள் தாளில் மடித்த எதையோ பிரித்து இவர் உள்ளங்கையில் கொட்டுகிறாள். தண்ணீரையும் கொடுத்து, விழுங்கும்வரை இவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

லயமே கூடிவிட்டது. வாயில் வந்த அத்தனையும் கேட்டேன். அவள் வாசல் மண்ணை ரெண்டு கையாலும் அள்ளி அவள் வீட்டைப் பார்த்தே தூற்றினேன். நாசமாகப் போ என்றேன். தலையில் மண்ணோடு அழகம்மா, "நான் ஒன்னும் செய்யல வடிவு" என்று மட்டும் சொன்னாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து ஏழு மாசம் அந்தப் பக்கம் இவரை நான் அண்டவிடவில்லை.

அந்த ஏழு மாசத்தில்தான் மளமளவென்று எல்லாம் போனது. கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரியில், இது செய்வினை இல்லை, மூளையில் வருகிற வியாதி, நரம்பு டொக்டரிடம் காட்டுங்கள் என்று துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்கள்.

கண்டி டொக்டர் நன்றாகத் தமிழ் பேசினார். பழைய விவரங்களைப் பார்த்துவிட்டு, "மாத்திரைய ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டார்.

"என்ன மாத்திரைங்க?"

"காலையில ஒன்னு. இந்த வியாதிய அது சொகமாக்காது. சில பேருக்குக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். விட்டதால எவ்வளவு கெட்டுச்சுன்னு என்னால சொல்ல முடியாது. திரும்பத் தொடங்குவோம். தனியா வெளிய விடாதீங்க. மறந்துட்டாருன்னு ஏசாதீங்க."

அந்தத் தாள் மடிப்பும், உள்ளங்கையும், தண்ணீர் டம்ளரும் என் கண் முன்னால் வந்து நின்றன.

வெளியே வந்து மகளுக்கு போன் அடித்தேன். நான் எங்கே நிற்கிறேன் என்று சொன்னதுமே அழத் தொடங்கிவிட்டாள்.

"அப்பாதான் சத்தியம் வாங்கிட்டாரும்மா. ஒங்க வாயில ஒரு சேதி நிக்காதாம். பைத்தியக்காரன்னு தோட்டமே பாக்குமாம். வீட்டுல வச்சா கேப்பீங்கன்னு மாத்திரை, கொப்பி எல்லாம் அழகு அத்தைகிட்டதான் குடுத்து வச்சாரு."

"மாத்திரை நின்னு போனது ஒனக்குத் தெரியுமாடி?"

"அத்தை சொன்னாங்க. நீங்க பேசுன பேச்சையும் சொன்னாங்க. ஒங்ககிட்ட வாய் தொறக்கவே பயமா இருந்திச்சும்மா."

நான் போனை வைத்துவிட்டேன். புருசன், பெற்ற பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரி, மூன்று பேரும் சேர்ந்து எனக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள். என் வீட்டு வியாதி எனக்குத்தான் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மண்ணை அள்ளியிருப்பேனா? மாத்திரையைத் தட்டிப் பறித்த கை என் கை. ஆனால் அதைக் குருடாக்கி வைத்தது இவர்கள். இந்த மனுசனை உலுக்கிக் கேட்கலாம் என்றால், வாங்கில் உட்கார்ந்து பொத்தானோடு விளையாடுகிறவரிடம் என்னத்தைக் கேட்பது? மறைத்தது யார், யாரிடம் மறைத்தது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

நுவரெலியா பஸ்ஸில் அவரை யன்னல் பக்கம் உட்காரவைத்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். றம்பொடை வளைவுகளில் ஏறும்போது கீழே கொத்மலைத் தண்ணீர் தெரிந்தது. அவர் என்னை ரெண்டு மூன்று தரம் பார்த்தார். பிறகு வேற்றுப் பெண்ணுக்கு இடம் விடுகிறது போல யன்னலோடு ஒதுங்கிக்கொண்டார்.

"நீங்க எந்தத் தோட்டம்ங்க?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"நானும் அங்கதாங்க. அப்ப எங்க வீட்டுக்காரியத் தெரிஞ்சிருக்குமே. சண்முகவடிவு."

"தெரியுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஒதவி செய்யணும். நான் டொக்டர்கிட்ட வந்தத அதுகிட்ட சொல்லிறாதீங்க. எனக்கு மறதி வியாதியாம். கடைசியில வீட்டு ஆளயே தெரியாமப் போயிருமாம். அது வாயாடிதான், ஆனா இதத் தாங்காதுங்க."

அத்தனையையும் மறந்த மனுசன் இதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார். கோபம் போனது என்று சொல்ல மாட்டேன். இன்னும் கூடத்தான் செய்தது.

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என் மடியிலிருந்த பையைத் தொட்டு, "இத எங்க வீட்டுக்குக் கொண்டு போயிறாதீங்க. அழகம்மான்னு பக்கத்துல ஒரு ஆளு இருக்கு. அதுகிட்ட குடுத்துருங்க, பத்திரமா வச்சிருக்கும்" என்றார்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அழகம்மா வீட்டு அடுப்புப் புகை கூரைக்கு மேலே நின்றது. அவள் கதவு சாத்தியிருந்தது. மருந்துப் பையோடு அந்த வாசல் மண்ணில் போய் நின்றவளுக்கு, கூப்பிட வாய் வரவில்லை. அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. அவர் எனக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு இஸ்தோப்பில் ஏறினார். கதவுக்கு நேரே நின்று, வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.