நாலாவது வசனம்

எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம். முதலில் அப்பா, அடுத்து அண்ணன், பிறகு நான். அடுப்பை அணைத்துவிட்டு வருவதால் அம்மாவுக்கு எப்போதும் நாலாவது. வாசிக்கும் முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவாள்.

அம்மா இறந்த மறுவாரம், நான் மூன்றாவதை முடித்ததும் அப்பா வாசிக்கவில்லை. அவர் விரல் நாலாவது வசனத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. வரி முடிந்த பிறகுதான் ஐந்தாவதைத் தொடங்கினார். அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை. தினமும் அப்படியே நடந்தது. அந்த அமைதியில் எனக்கு அம்மாவின் செருமல் கேட்கும்.

நான் இயற்பியல் படித்தவள். சுவர்க் கடிகாரத்தின் ஓசையை வைத்து அந்த அமைதியை எண்ண ஆரம்பித்தேன். வசனங்களின் நீளம் மாறும் என்பதால் வாரச் சராசரி எடுத்தேன். முதலில் இருபது நொடி. அடுத்த வருடம் பன்னிரண்டு. இந்தக் கோடையில் ஒன்பது.

ஜூனில் அப்பா மறுமணம் செய்துகொண்டார். அவர் மணந்த மணிமேகலைக்குச் சொந்த ஊர் பூம்பாறை. கணவரை இழந்தவர், பூண்டுத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஞானஸ்நானம் பெற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பயம் மட்டும் இருந்தது. நாங்கள் மறுபடியும் நாலு பேர். நாலாவது வசனத்தை இனி அவர் வாசிப்பார். அம்மாவுக்கு இருந்தது அந்த ஒன்பது நொடிதான்.

முதல் நாள் சாயங்காலம் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். சிரிச்சிராதீங்க."

"அப்பா ஜெபத்துல குறட்டை விட்டப்பவே நாங்க சிரிக்கல சித்தி" என்றான் அண்ணன்.

"ஏலே, வெரசா புஸ்தகத்த எடு" என்றார் அப்பா.

மூன்று வசனங்கள் முடிந்தன. அப்பா மணிமேகலையைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதானா அப்பா என்று நினைத்துக்கொண்டேன். எண்ணத் தொடங்கினேன்.

மணிமேகலை வாசிக்கவில்லை. தலை குனிந்தபடி இருந்தார். ஒன்பது கடந்தது. பன்னிரண்டு. இருபதில், ஐந்தாவது வசனத்தை எழுத்தெழுத்தாக வாசிக்க ஆரம்பித்தார். அப்பா திருத்தவில்லை.

பிறகு அடுப்படிக்குப் போய்க் கேட்டேன். "நாலாவதை ஏன் விட்டுட்டீங்க?"

அவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். "அவங்க வாசிக்கையில நான் குறுக்க எப்படிம்மா வாசிக்கிறது?"

"யாரு?"

"தொண்டையச் செருமிட்டு ஆரம்பிச்சாங்களே" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார். "உனக்குக் கேக்கலையா?"

செருமலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். அம்மாவைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. நான் கடைசியாக அந்தச் செருமலைக் கேட்டது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. எண்கள்தான் வந்தன.

மறுநாள் ஜெபத்துக்கு முன் கடிகாரத்திலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டேன். என் வசனத்தை வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தகரக் கூரையின் மேல் மழை பெய்யும் சத்தம். அண்ணனின் மூச்சு. வேறெதுவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

ஈரம் காயாத கை ஒன்று என் கைமேல் பட்டது.

"முடிச்சுட்டாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மணிமேகலை ஐந்தாவதைத் தொடங்கினார்.