ஒவ்வொரு அத்தியாயத்திலும் கொஞ்சம்

அலமாரிக்குள் உட்கார்ந்துதான் அவள் நாவல் வாசிப்பாள். தொங்கும் உடைகள் எதிரொலியைக் குடித்துவிடும். அக்காவின் மழைக்கோட்டு மட்டும் உரசிச் சத்தம் போடும். ஒலிநூல் நிறுவனம் நடத்துகிற ஒருவருக்காகத் துப்பறியும் நாவலொன்றைப் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அத்தியாயத்துக்கு ஒரு பில் என்பது அவர் போட்ட சட்டம். பணம் அனுப்பும் தளமோ, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் தன் கட்டணத்தைக் கடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தந்தது.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பில்லா போட்டுக்கறேன் சார். இல்லன்னா அந்தக் கட்டணத்தை நீங்க ஏத்துக்கங்க," என்று கேட்டுப் பார்த்தாள்.

"அனுப்புற செலவு வாங்குறவங்க தலையிலதாம்மா. காபி காசுக்கெல்லாமா அழுவாங்க?" அவர் சிரித்தார். "உன் குரல் மாதிரி ஆயிரம் குரல் கிடைக்கும்."

அந்தச் சிரிப்பு அவளை விட்டுப் போகவில்லை. பல் விளக்கும்போது கேட்டது. பேருந்தில் கேட்டது. இந்த வேலையும் போனால் அத்தானின் டயர்க் கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான் என்று தெரிந்தேதான் செய்தாள். அதன்பின் அனுப்பிய ஒவ்வொரு அத்தியாயத்திலும் கடைசி வாக்கியத்தை வெட்டி எடுத்தாள், மூச்சு விடும் இடத்தில், தழும்பே தெரியாமல். அவர் எதையும் கேட்டுப் பார்க்காமல் விற்பனைக்கு ஏற்றுகிறவர். இறுதி அத்தியாயத்தில் துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, கொலைகாரரை நோக்கி விரலை நீட்டுகிறார். அதோடு சரி.

நாவல் வெளியான மறுநாளே போன் வந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? வாங்கினவன் எல்லாம் காறித் துப்புறான்! கொன்னது யாரு?"

"அது கட்டணத்துல போயிடுச்சு சார்."

"விளையாடாத. மொத்தமா உனக்கு என்ன வரணும், சொல்லு."

குரலில் சிரிப்பு செத்துப் போயிருந்தது. அதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது அவளுக்கு. "யோசிச்சு சொல்றேன் சார்," என்று போனை வைத்தாள்.

அலமாரிக் கதவில் சாய்ந்திருந்த அக்கா, "அடிப்பாவி! கடையில இப்பவே நாற்காலி போடச் சொல்லிடட்டுமா?" என்றாள். பிறகு பொறுக்க முடியாமல் உள்ளே குனிந்தாள். "எனக்காவது சொல்லுடி. யாரு கொன்னது?"

அவள் இயர்போன் ஒன்றை அக்காவின் காதில் வைத்தாள். வெட்டிய வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தாள். யாரோ விளக்கை அணைத்தார்கள். யாரோ திரும்பிப் பார்க்காமல் பாலத்தைக் கடந்தார்கள். எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. முட்டியோடு முட்டி இடிக்க இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தரையில் போன் மறுபடி அதிர்ந்து, ஒளிர்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் செருப்புகளுக்கு நடுவே நகர்ந்து போனது.